ஆடியில் வெட்டிய ஓலை

எங்கள் பக்கம் பனை ஓலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கிறிஸ்மஸ் ஆடி மாதமே தொடங்கிவிடும். கடையில் நட்சத்திரம் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு டிசம்பர் முதல் வாரம் போதும். எங்களுக்குப் போதாது. காரணம் மழை. ராமநாதபுரத்துக்கு வறண்ட சீமை என்று பேர் இருந்தாலும், ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிடும். அந்த நாட்களில் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்தில் துவைத்துப் போட்ட துணியே காயாது, ஓலை எங்கே காயும்? கார்த்திகையில் வெட்டிய குருத்து வீட்டுக்குள்ளேயே கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். அதனால் ஜூலை கடைசியில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழா முடிந்ததும் ஓலைக்குச் சொல்லி வைப்போம். பதநீர்க் காலம் ஓய்ந்து பனையேறுகிறவர்களுக்கும் அப்போது கொஞ்சம் கை ஒழிந்திருக்கும். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றில் ஓலை மொடமொடவென்று காய்ந்து வரும்.

வீட்டிலேயே அலங்காரம் செய்வது, பரிசு செய்வது என்று பேச்சு வந்தால் பலரும் கத்தரிக்கோல், பசை, ஜிகினாத் தாள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. தெர்மோகோலையும் பிளாஸ்டிக் பூவையும் வாங்கி வந்து கையால் ஒட்டினால் அது கைவேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி பிறந்ததும் அது எங்கே போகிறது? எங்கள் தெருவில் வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் குப்பை கடலுக்குத்தான் போகும். இந்தக் கரையில் மிகுதியாக இருப்பது பனை. குறைந்துகொண்டே வருவது கடலுக்குள் இருக்கிற உயிர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் ஓலை. பின்னல் வேலைக்கு வேண்டியது குருத்தோலை, அதாவது இன்னும் விரியாமல் மடிப்போடு நிற்கிற நடு ஓலை. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அடுத்ததையும் எடுத்தால் மரம் நொந்துவிடும் என்று ஏறுகிறவர்களே சொல்லி மறுத்துவிடுவார்கள். வடலியாக, அதாவது இளம்பனையாக இருந்தால் கீழே நின்றே வெட்டலாம். கொண்டு வந்த குருத்தை விரித்து, இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓடுகிற ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். இப்போது ஓர் இதழுக்கு இரண்டு நீளமான ஓலைப் பட்டைகள் கிடைக்கும். ஈர்க்கைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது.

பட்டைகளை மணலில் போடாமல் பாயில் பரப்பிக் காய வைக்கவேண்டும். மூன்று நாள் நல்ல வெயில் போதும். இளம்பச்சை வெளிறி வெண்மஞ்சள் நிறத்துக்கு வரும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க என் அம்மாச்சி ஓலையைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், ஒரு பிடி அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் உலுக்குவார். “சத்தம் போடணும் தாயி. சத்தம் வரலேன்னா இன்னும் உள்ளுக்குள்ள ஈரம் இருக்கு. அத மூட்ட கட்டினா மார்கழியில எடுக்கையில கரியாத்தான் இருக்கும்” என்பார். காய்ந்ததைச் சுருட்டிப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். பாலிதீன் பையில் மட்டும் போடாதீர்கள். உள்ளே வேர்த்து எல்லாம் பாழாகிவிடும்.

வேலைக்கு எடுக்கும்போது முந்தின நாள் இரவு தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் ஓலை துவண்டு கொடுக்கும். ஈரம் குறைந்தால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். அதிகமானால் பின்னி முடித்துக் காய்ந்த பிறகு பின்னல் தொளதொளத்துப் போகும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீவும்போது குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் விரல் நனையக் கூடாது. இதை யாரும் அளவு சொல்லிக் கற்றுத்தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டு ஓலையை முடித்தால் விரலுக்கு வந்துவிடும்.

சாயம் போட நினைப்பவர்கள் பின்னுவதற்கு முன்பே பட்டையாக இருக்கும்போதே போடவேண்டும். அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் சாயப்பொடி கரைத்து, ஓலையைச் சுருளாக முக்கி, நிறம் ஏறும்வரை புரட்டி எடுத்து நிழலில் உலர்த்துகிறார்கள். சிவப்பும் பச்சையும் நன்றாகப் பிடிக்கும். அடுப்படி மஞ்சளில் முக்கினால் முதலில் கண்ணைப் பறிக்கும், வெயில் படப்பட மங்கிவிடும். வீட்டுக்குள் தொங்குகிற சின்னப் பொருள்களுக்கு மஞ்சள் சரி. வாசலில் கட்டுகிற நட்சத்திரத்துக்கு ஓலையின் சொந்த நிறமே அழகு என்பேன்.

நட்சத்திரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச ஆசை. எங்கள் ஊர்ச் சிறுவயதுக் கிறிஸ்மஸ்களில் மூங்கில் சிம்பும் கண்ணாடித் தாளும்தான் நட்சத்திரம். ஒரே நீளத்தில் ஐந்து சிம்பு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ் என்று மாற்றி மாற்றிக் கோத்து முனைகளை நூலால் கட்டினால் ஒரு ஐங்கோண நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள் மூலைகள் ஐந்திலும் சாண் நீளக் குச்சியைக் குறுக்கே நிறுத்தினால் நடு வயிறு உப்பிக்கொண்டு வரும். அதன்மேல் மைதாப் பசை தடவித் தாள் ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசை காய்ச்சும்போதே துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது. நான் இப்போது அதைச் சேர்ப்பதில்லை.

இந்த மாதிரி விளக்கு நட்சத்திரத்துக்கு ஜெர்மனியில் ஒரு வரலாறு இருக்கிறது. 1830களில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியத் திருச்சபை நடத்திய பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகளைக் காகிதத்தில் பல முனை நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். கணக்கு நோட்டிலிருந்து வாசலுக்கு வந்தது அது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ஏனென்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் சிம்பு கட்டும்போது செய்வதும் அதே வேலைதான். ஒரு சிம்பு ஒரு விரற்கடை நீண்டாலும் ஐந்து முனையும் கோணிக்கொள்ளும். நூலைப் பிடித்து முனைக்கு முனை அளந்து பார்த்து, எந்தச் சிம்பு வம்பு செய்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். முனையில் வரும் கோணம் 36 பாகை என்று ஏழாம் வகுப்புப் படிக்கிற என் அக்கா மகள் பாகைமானியை வைத்து அளந்து எல்லோருக்கும் காட்டினாள்.

ஆனால் கண்ணாடித் தாளுக்கு எங்கள் ஊர்க் காற்று ஒத்துவராது. பாம்பன் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு கணக்கு போதும். பழைய ரயில் பாலம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாமல் ரயில் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காற்றில் ஒரு தாள் நட்சத்திரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிறிஸ்மஸ் இரவுக்கு முன்பே வாடைக்காற்றில் கிழிந்து நூலில் நாலு கந்தல் ஆடிக்கொண்டிருக்கும். கடைப் பிளாஸ்டிக் நட்சத்திரமும் பாய்மரமாகக் காற்றை வாங்கிக்கொண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும்.

ஓலை நட்சத்திரம் இங்கேதான் ஜெயிக்கிறது. அதே சிம்புக் கூட்டில் தாளுக்குப் பதில், விரல் அகல ஓலைப் பட்டைகளை இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தைச் சிம்பில் சுற்றி பனை மட்டை நாரால் தைத்துவிடுகிறேன். காற்று அந்தக் கண்ணிகளுக்குள் புகுந்து போய்விடுகிறது. எதிர்க்க ஒன்றுமே இல்லாதபோது அது எதைக் கிழிக்கும்? உள்ளே விளக்கு எரியும்போது கண்ணிகளின் நிழல் வாசல் சுவரில் வலை விரித்த மாதிரி விழும். எங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறு ஏது? மழைச் சாரல் பட்டாலும் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். நேராக மழையில் நனைகிற இடத்தில் மட்டும் கட்டவேண்டாம், ஓட்டுக்குக் கீழே தாழ்வாரத்தில் கட்டுங்கள்.

விளக்கு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். காய்ந்த ஓலை தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும். மெழுகுவத்தி கூடவே கூடாது. பழைய குண்டு பல்பும் சூடாகும், வேண்டாம். சூடேறாத சின்ன எல்.இ.டி. பல்பைக் கூட்டின் நடுவில், ஓலையில் படாதபடி தொங்கவிடுங்கள். ஒயர் இணைப்பில் டேப் சுற்றி, அது கீழ்நோக்கித் தொங்காமல் மேலே நிற்கும்படி கட்டினால் சாரல் இறங்காது.

வீட்டுக்குள் வைக்கிற சின்ன நட்சத்திரங்களுக்குச் சிம்பே வேண்டாம். கிண்டர்கார்டன் பள்ளியைத் தொடங்கிய ஜெர்மானியர் ஃப்ரோபெலின் பேரில் ஒரு நட்சத்திரம் வழங்குகிறது. நான்கு காகிதப் பட்டைகளை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் சதுரமாக்கி, மிச்ச வால்களை மடித்து மடித்து முனைகளாக்குவார்கள். பசையே கிடையாது. அதைக் குருத்தோலையில் செய்யலாம் என்று காட்டியபோது, பக்கத்துத் தெருவில் கொட்டான் என்கிற ஓலைப் பெட்டி முடைகிற அத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது நம்ம கிலுகிலுப்ப அடிதானே, இதுக்குப் போயி படம் பாத்துச் செய்வாகளா?” என்று, நான் கேட்பதற்குள் ஒன்றை முடித்துக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் விளையாடுகிற கிலுகிலுப்பை, கிளி, மீன், வெட்டுக்கிளி எல்லாம் ஓலையில் செய்யத் தெரிந்த கை அது. அவர் செய்த மீன்களைத்தான் நான் மரத்தில் தொங்கவிடுகிறேன். மூக்கில் ஈர்க்குத் துண்டு செருகி, வாலைக் கத்தரித்தால் போதும்.

மரம் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடலோரத்தில் எல்லோரும் சவுக்குக் கிளைதான் வைப்பார்கள். நல்ல பச்சை, ஆனால் ஒரு வாரத்தில் உதிர்ந்து வீடெல்லாம் ஊசி. நான் சீமைக் கருவேலம் கிளை வைக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் இது வளராத பொட்டல் இல்லை. வெட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். இலை உதிர்ந்த கிளையாகப் பார்த்து வெட்டி, முள்ளை எல்லாம் கட்டிங் பிளேயரால் ஒடித்துவிட்டு, சுண்ணாம்பு அடித்து மண்பானையில் கடல் மணல் கொட்டி நிறுத்தினால் வெள்ளை வெளேரென்று நிற்கும். முள்ளை ஒடிப்பதைப் பெரியவர்கள் செய்யுங்கள். அந்த முள் குத்தினால் வலி லேசில் விடாது.

அந்த வெள்ளைக் கிளையில் சிவப்புக்கு என்ன செய்வது? குண்டு மிளகாய் வற்றல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ராமநாதபுரம் முண்டு வற்றல்தான். உருண்டையாக, பளபளப்பான கருஞ்சிவப்பில் இருக்கும். மாசி, பங்குனியில் வீட்டுக்கு வாங்கி வைத்ததிலிருந்து நல்ல உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கி, காம்போடு ஊசியில் நூல் கோத்துச் சரமாக்கிச் சுற்றிவிட்டால் அதற்கு ஈடான மணிமாலை எந்தக் கடையிலும் கிடையாது. உடையாது, மங்காது. விழா முடிந்ததும் சரத்தை அவிழ்த்து மீன் குழம்புக்கு அரைத்துவிடலாம். கோத்த கையைக் கண்ணில் வைக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு முளை போடுகிற வேலை கொடுங்கள்.

முளை எதற்கு? குடிலுக்கு. 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் முதன்முதலாக ஒரு குடிலை அமைத்தபோது, அந்த ஊரில் கிடைத்த வைக்கோலையும் ஒரு மாட்டையும் கழுதையையும்தான் வைத்தார். அந்த ஊர் மக்கள் தங்கள் ஊரிலேயே பாலன் பிறந்ததாக உணரவேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படியானால் எங்கள் குடிலில் பஞ்சை ஒட்டிப் பனி காட்டுவானேன்? எங்கள் வீட்டுக் குடிலுக்கு, முற்றி விரிந்த சாரோலையில் கூரை. தரைக்குக் கடற்கரை மணல். தென்னம்பாளை மடல் காய்ந்து விழுந்ததை நறுக்கினால் அப்படியே ஒரு வத்தை, அதாவது சின்னப் படகு. ஈர்க்கில் பாய்மரம், பழைய வலைத் துண்டு, உடைந்த மிதப்புக் கட்டை. இடையர்களோடு இரண்டு மீன்பிடிகாரர்களையும் களிமண்ணில் செய்து நிறுத்துவேன்.

குடிலைச் சுற்றிப் பச்சை வேண்டுமே, அதற்குத்தான் முளை. இந்தச் சீமையில் முளைப்பாரி போடாத ஊர் கிடையாது, அம்மன் கோயிலுக்குப் போடுகிற அதே முறைதான். கேழ்வரகையோ கம்பையோ ஒரு இரவு ஊறவைத்து, கொட்டாங்கச்சியில் மண்ணும் தூளாக்கிய எருவும் போட்டுத் தூவி, மேலே லேசாக மண் மூடி, இருட்டான இடத்தில் வைத்துத் தண்ணீர் தெளிக்கவேண்டும். இருட்டில் வளர்ந்தால் வெளிர்மஞ்சளாக நீண்டு வரும். கடைசி மூன்று நாள் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை பிடிக்கும். டிசம்பர் 14, 15 வாக்கில் போட்டால் 24-ஆம் தேதி இரவுப் பூசைக்குக் குடில் தோட்டமாக நிற்கும். பக்கத்து வீட்டு மதினிக்கு இதில் எங்களைவிடக் கை ராசி. ஒவ்வொரு வருஷமும் எங்கள் குடில் முளையை அவர்தான் போட்டுத் தருகிறார், அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரிச் சட்டியில் ஒட்ட நாங்கள் தாள் பூ வெட்டித் தருவோம்.

இப்போது சிப்பிக்கு வருகிறேன். கடலோரத்துக் கைவேலை என்றாலே சங்கு, சிப்பி, பவளக்கல் என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். உறவுக்காரப் பிள்ளைகளே வாட்ஸ்அப்பில் “அத்தை, எனக்குக் கொஞ்சம் பவளப்பாறை அனுப்புங்க, குடிலுக்கு வைக்கணும்” என்று கேட்கிறார்கள். அனுப்ப மாட்டேன். அது கல் இல்லை, உயிர்கள் கட்டிய வீடு. பவளத்தையும் கடல்குதிரையையும் கடல் அட்டையையும் சில சங்கு வகைகளையும் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2001-இல் அவை அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எங்கள் ஊரில் இது யாருக்கும் தெரியாத சேதி இல்லை.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் அந்த வளைகுடாவே உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்த 21-இல் கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போய், தீவு கரைந்தது. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்த இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பவளக்கல்லின் துளைகளும் கோடுகளும் அப்படியே தெரியும். அந்தக் காலத்தில் அதுதான் செங்கல். 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்மஸுக்கு மூன்றே நாள் இருக்கையில், புயல் அந்த ஊரைக் கொண்டுபோயிற்று. இங்கே பல வீடுகளில் அந்த வாரத்தில் விளக்கு நட்சத்திரம் ஏற்றுவதற்கு முன் செத்துப்போனவர்களுக்காக ஒரு செபம் சொல்லுவார்கள். அலையை மறிக்கிற எதையும் கடலிலிருந்து எடுத்துவந்து ஷோகேஸில் வைக்க எனக்கு மனசு வராது.

அப்படியானால் சிப்பியே கூடாதா? கரையில் அலை ஒதுக்கிப்போட்ட, உடைந்த, சாதாரண மட்டிச் சிப்பிகளை ஒரு கைப்பிடி எடுக்கலாம். முழுசான சங்கைக் கண்டால் திருப்பிப் பாருங்கள், உள்ளே துறவி நண்டு குடியிருக்கும். காலியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், நாளைக்கு ஒரு நண்டு வந்து சேரும். எடுத்த மட்டியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் வாடை போகாது. ஏற்கெனவே ஓட்டை விழுந்த சிப்பிகள் நிறையக் கிடக்கும், அவற்றில் மட்டை நாரைக் கோத்துவிட்டால் துளையிடுகிற வேலையும் மிச்சம். வாடைக்காற்றில் சலங்கைச் சத்தம் வரும்.

பரிசுக்கு வருவோம். எங்கள் வீட்டில் பரிசு என்றால் பலகாரம், பலகாரம் என்றால் கொட்டான். அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம் சுட்டு அடுக்கி, நார் மூடி போட்ட கொட்டானில் வைத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது பலரும் எதில் கொடுப்பது என்று தடுமாறினார்கள், கொட்டான் வைத்திருந்த வீடுகளில் அந்தக் கேள்வியே எழவில்லை. அடியில் வாட்டிய வாழை இலை போட்டால் எண்ணெய் ஓலையில் இறங்காது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சின்ன ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் சென்னையில் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஓலைப் பெட்டியில் கருப்பட்டி சுகமாக இருக்கும்.

கொட்டானை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கீழக்கரையில் கட்டிக்கொடுத்த என் சிநேகிதியின் மாமியார் வீட்டுக்கு நாங்கள் டிசம்பரில் அனுப்புகிற கொட்டான் பெருநாளுக்குத் தொதலோடு திரும்பி வரும். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய தொதல். சிநேகிதியின் ராத்தா ஒரு வருஷம் அந்தக் கொட்டானின் ஓரத்தில் வண்ண நூல் கட்டி அழகாக்கி அனுப்பியிருந்தார். இன்னும் அது பலகாரத்தோடு போய்வந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு பரிசும் எங்கள் ஊருக்கே உரியது. தங்கச்சிமடத்து மணலில் பதியம் போட்ட மல்லிகை நாற்றுதான் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கும் வெளிமாவட்டங்களுக்கும் போகிறது. டிசம்பரில் மழை ஈரம் இருப்பதால் நாற்றுப் பிடித்துக்கொள்ளும். கறுப்புப் பாலிதீன் பைக்குப் பதிலாக, பதநீர் குடிக்க மடிக்கிற மாதிரி சாரோலையில் பட்டை மடித்து, அடியில் ஈர மணலும் செம்மண்ணும் போட்டு நாற்றை நட்டுக் கொடுத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் பட்டையோடு குழியில் வைத்துவிடலாம், ஓலை மண்ணோடு மக்கிவிடும். போன வருஷம் பங்குச் சாமியாருக்கும் பள்ளி ஆசிரியைகளுக்கும் இதைத்தான் கொடுத்தோம்.

ஜனவரி முதல் வாரம், மூன்று ராஜாக்கள் திருநாளோடு குடிலைப் பிரித்துவிடுவோம். மணல் கரைக்குத் திரும்பும். முளை ஆட்டுக்குப் போகும். கருவேலங்கிளை அடுப்புக்கு. ஓலை நட்சத்திரத்தை மட்டும் துணியில் சுற்றிப் பரணில் வைப்போம், பட்டை ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தால் மாற்றிக்கொண்டு அடுத்த வருஷமும் கட்டலாம். குப்பைக்கூடைக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

கடைசியாகக் கூலி விஷயம், இதைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவும் வீட்டிலேயே செய்யலாம் என்றாலும் ஈர்க்கு எடுத்துப் பதமாகக் காயவைத்த ஓலையும், கொட்டான் மாதிரிக் கை தேர்ந்த பின்னலும் எல்லோராலும் முடிந்துவிடாது. அதை முடைகிற பெண்கள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் முடைகிறார்கள். ஒரு கொட்டானுக்கு ஓலை சீவுவதிலிருந்து ஓரம் கட்டுவது வரை அரை நாள் ஓடிவிடும். மொத்தமாக எடுக்கிற வியாபாரிகள் கொடுக்கிற விலையைக் கேட்டால் மனசு தாங்காது. அதே பெட்டியை நகரத்துக் கடையில் வைத்துப் பல மடங்குக்கு விற்கிறார்கள். கொட்டான் முடைகிற அந்த அத்தையிடம் ஒருநாள், “உங்களுக்கு என்ன விலை கட்டுபடியாகும்?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்றார். ரொம்ப நேரம் யோசித்து, கொஞ்சம் தயங்கித்தான் ஒரு விலை சொன்னார். அதுவும் குறைவாகவே பட்டது.

அதனால் எங்கள் தெருவில் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். விலையை அவர்கள் சொல்லவேண்டும், நாங்கள் பேரம் பேசுவதில்லை. ஓலை வெட்டுக்கூலியும் பாதி முடைகூலியும் முன்பணமாகப் போய்விடும், மிச்சம் பொருள் வாங்கும்போது. பள்ளி விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள், அதற்கும் தனியாகக் கொடுக்கிறோம். இந்த வருஷம் வெளியூரிலிருந்தும் சிலர் கேட்டிருப்பதால் தன் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். மருமகளுக்கு மூடிதான் இன்னும் சரியாகப் படியவில்லையாம், கொட்டான் வாய் வட்டமாக வருகிறது என்றார்.